நிலத்தின்கீழ் ஓடும் தீர்த்தம்

ஐம்பெரும் பூதங்களுள் அப்பு வடிவாக இறைவன் எழுந்தருளியிருக்கும் திருப்பதி திருவானைக்கா என்பது சைவ உலகம் நன்கறிந்ததே. தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் அணைத்தோட, இடையே அமைந்த தீவில் திருவரங்கத்துக்குக் கிழக்கே விளங்குகிறது அத்தலம். அகிலாண்டநாயகி காவிரி நீரையே திரட்டி இலிங்கமாக்கி வழிபட்டாள் என்பது தலபுராணம். சிலந்தியாயிருந்து வழிபட்டுப் பின்னர் அரசராய்ப் பிறந்த கோச்செங்கட் சோழ நாயனார் திருப்பணி செய்த கோயில் அது. இலிங்கத் திருமேனி தாழ்வான தரையில் அமைந்திருக்க, அதனைச் சூழ நீர் ஊறி நிற்கும் காட்சியைக் கண்டு உள்ளம் உருகாத அடியார் இலர். காவிரியில் வெள்ளம் பெருகும் காலத்தில் கருவறையின் ஊற்றும் மிகும் என்பது தலைமுறை தலைமுறையாக அங்கே பணி செய்தோர் கண்டறிந்த செய்தி.

ஆற்றுக்கும் கருவறைக்கும் இடையே கால்வாய் இல்லை, மதகு இல்லை. ஆயினும் ஆறு பெருகினால் ஊற்றுப் பெருகுகிறது. இடையே இருப்பது மணல். பல்லாயிரம் ஆண்டுகளாகக் காவிரி கொணர்ந்து பரப்பிய அம்மணலின் மணிகளுக்கிடையே உள்ள நுண்ணிய வெளிகள் அனைத்தும் நீரால் நிறைந்திருக்கின்றன. ஆற்றின் மட்டம் உயர்ந்தால் ஆறு கரைக்கு நீரைக் கொடுக்கிறது. ஆறு தாழ்ந்தால் கரை ஆற்றுக்கு நீரைத் திருப்பிக் கொடுக்கிறது. வேனிலில் வறண்டு கிடக்கும் ஆற்றில் கையால் மணலை அகழ்ந்தால் தெளிந்த நீர் சுரப்பதும் இதனாலேயே. திருவள்ளுவர் கல்வியின் பெருக்கத்துக்கு உவமை தேடியபோது மணற்கேணியையே எடுத்தாண்டார். தோண்டும் அளவுக்கு நீர் வரும் என்பதைத் தமிழ் மக்கள் உவமையாகக் கூறும் அளவுக்கு அறிந்திருந்தனர்.

வடமொழியில் இப்பொருளை விரிவாக எழுதிவைத்தவர் வராகமிகிரர். கி. பி. 6ஆம் நூற்றாண்டில் உச்சயினியில் வாழ்ந்த அவர், தம்முடைய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் காணும் வகை குறித்துத் தனி அத்தியாயமே வகுத்தார். மனித உடலில் இரத்த நாளங்கள் ஓடுவதுபோலப் பூமியிலும் நீர் நாளங்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன என்பது அவர் கொள்கை. எந்த மரத்துக்கு எந்தத் திசையில், எத்தனை முழத் தொலைவில், எவ்வளவு ஆழத்தில் நீர் கிடைக்கும் என்று அவர் அளவிட்டுச் சொல்லுகிறார். ஓர் ஆள் கையை உயர்த்தி நிற்கும் உயரமே அவர் கொண்ட ஆழக் கணக்கு. நாவல் மரத்துக்குக் கிழக்கே அணித்தாகப் புற்று இருக்குமாயின், அம்மரத்தின் தென்புறத்தில் இரண்டு ஆள் ஆழத்தில் இனிய நீர் உண்டு என்பது அவற்றுள் ஒன்று. வெண்ணாவல் மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்டு ஜம்புகேசுவரம் என்று பெயர் பெற்ற தலம் நீர்த்தலமாகவும் இருப்பதை இதனோடு சேர்த்து எண்ணும் அன்பர்க்கு ஒரு மகிழ்ச்சி பிறக்கும். வராகமிகிரர் திருவானைக்காவைக் கருதி எழுதினார் என்று கொள்வதற்குச் சான்று ஏதும் இல்லை. நாவல் ஈரம் மிகுந்த நிலத்தை விரும்பும் மரம் என்ற இயற்கையே இரண்டுக்கும் பொதுவானது.

நாளங்கள் என்ற உவமை அழகியதே. பிளவுபட்ட பாறைகளில் நீர் பிளவு வழியே நாளம்போல் ஓடுவதும் உண்டு. ஆனால் மணற்பாங்கான நிலத்தில் நீர் அவ்வாறு தனித்தனிக் குழாய்களில் ஓடுவதில்லை. படுகை முழுவதுமே ஒரே நீர்நிலை. இதனைக் கணக்காக நிறுவுவதற்கு உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலும் கற்றோர் பலர், கடல் நீரே பூமிக்குள் இரகசியக் குகைகள் வழியே மலைகளுக்கு ஏறி, உப்பு நீங்கி, ஊற்றாக வெளிப்படுகிறது என்று நம்பினர். மழை மட்டும் ஆறுகளுக்குப் போதாது என்பது அவர்கள் எண்ணம். பிரான்சு தேசத்துப் பியேர் பெரோ 1674இல் வெளியிட்ட நூலில், சேன் நதியின் தலைப்பகுதியில் பெய்யும் மழையையும் அங்கே ஓடும் நீரையும் ஒப்பிட்டு, மழை ஆற்றைப்போல் ஆறு மடங்கு என்று காட்டினார். எஞ்சிய ஐந்து பங்குள் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி மரஞ்செடிகளுக்கு உணவாகிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. அங்ஙனம் இறங்கிய நீர் எவ்விதிப்படி நடக்கிறது என்ற வினாவுக்கு மேலும் இரண்டு நூற்றாண்டு ஆயிற்று விடை வர.

அவ்விடையைத் தந்தவர் ஆன்றி தார்சி என்னும் பொறியாளர். பிரான்சின் திஜோன் நகரில் 1803இல் பிறந்தவர். அந்நாளில் அந்நகரத்து மக்கள் நல்ல குடிநீருக்குப் பெரிதும் இடர்ப்பட்டனர். தார்சி அரசாங்கப் பொறியாளராய்த் தம் ஊருக்கே திரும்பி, ரோசுவார் என்னும் ஊற்றின் நீரைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட மூடிய கால்வாய் வழியே நகரத்துக்குக் கொண்டு வந்தார். 1840இல் அந்நீர் நகரத்தை அடைந்தது. தெருத்தோறும் பொதுக் குழாய்கள் அமைந்தன. இத்திருப்பணிக்கு அவருக்கு உரிய ஊதியத்தை அவர் பெற மறுத்துவிட்டார். தண்ணீர்ப் பந்தல் வைத்தும் குளம் தொட்டும் புண்ணியம் தேடிய தமிழ் நாட்டுப் பெரியோர்க்கு இவ்வுள்ளம் அயலானதன்று.

நீரை மணலில் வடித்துத் தூய்மை செய்வதற்கு எவ்வளவு மணல் வேண்டும் என்பது பின்னர் அவருக்கு எழுந்த ஐயம். அதனை ஆராய 1855, 1856ஆம் ஆண்டுகளில் திஜோன் நகர மருத்துவமனை ஒன்றின் முற்றத்தில் ஒரு கருவி நிறுவினார். 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, ஆள் உயரத்துக்கு மேற்பட்ட இரும்புக் குழாய். அதற்குள் சோன் ஆற்றின் மணல். மேலே நீர் புகும் வாய், கீழே நீர் வெளியேறும் வாய். இரு முனையிலும் அழுத்தம் காட்டும் பாதரசக் குழாய்கள். இவ்வளவே அவருடைய சோதனைச்சாலை. மணலின் உயரத்தை மாற்றினார். நீரின் அழுத்தத்தை மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷத்தில் எத்தனை நீர் வடிந்தது என்று குறித்தார். மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இரட்டித்தால் வடியும் நீரும் இரட்டிக்கிறது. மணலின் நீளம் இரட்டித்தால் வடியும் நீர் பாதியாகிறது. எஞ்சியது அந்தந்த மணலுக்கு உரிய ஓர் எண். 1856இல் திஜோன் நகரத்துப் பொதுக் குழாய்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெருநூலின் பிற்சேர்க்கையில் இவ்விதி ஒரு குறிப்பாக இடம் பெற்றது. ஈராண்டு கழிந்து 1858இல் தார்சி காலமானார். பிற்சேர்க்கையில் ஒடுங்கியிருந்த அவ்விதியே இன்று உலகெங்கும் நிலத்தடி நீரைக் கணக்கிடுவோர்க்கு மூலமந்திரம் போல நிற்கிறது.

அவ்விதியைத் தமிழ் நாட்டு ஆற்றங்கரைக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பான ஒன்று புலனாகும். பருமணலுக்கு உரிய எண்ணை நாளொன்றுக்கு 50 மீட்டர் என்று கொள்வோம். நிலத்தடி நீர்மட்டம் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சரிவதாகவும், மணலில் நாலில் ஒரு பங்கு வெற்றிடம் என்றும் வைத்துக்கொண்டால், நீர்த்துளி ஒன்று நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவே நகர்கிறது. ஒரு கிலோமீட்டர் கடக்க அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடத்துவது மரபு. ஒரு கும்பாபிஷேகத்தன்று திருக்குளத்தின் அடியில் இறங்கிய துளி, அடுத்த கும்பாபிஷேகத்தன்றும் ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிணற்றை எட்டியிராது. இது பருமணலின் நடை. களிமண்ணிலோ அந்நடை இதனினும் பல்லாயிரம் மடங்கு மெதுவானது.

அங்ஙனமாயின் ஆறு பெருகியவுடன் கிணறு உயர்வது எவ்வாறு என்று வினவலாம். மட்டம் உயர்வது வேறு. ஆற்றில் வந்த அதே துளி வந்து சேர்வது வேறு. நீண்ட குழாயில் நீர் நிறைந்திருக்கும்போது ஒரு முனையில் ஒரு குடம் ஊற்றினால் மறுமுனையில் ஒரு குடம் வழிகிறது. ஊற்றிய நீரே வழிவதில்லை. இத்தகைய அழுத்தம் காலப்போக்கில் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கணக்காக்கியவர் அமெரிக்க நிலவியலாளர் சார்லசு தைசு. கிணற்றில் நீர் இறைக்கும்போது சுற்றிலும் மட்டம் தாழ்வது, இரும்புத் தகட்டில் ஓரிடத்து வெப்பத்தை வாங்கினால் சுற்றிலும் குளிர் பரவுவதைப் போன்றது என்று அவர் கண்டார். கணித அறிஞரான தம் நண்பர் ஒருவரின் துணையோடு 1935இல் அதற்குரிய சூத்திரத்தை வெளியிட்டார். ஒரு கிணற்றில் சில நாட்கள் இடைவிடாது இறைத்து, அருகிலுள்ள கிணறுகளில் மட்டம் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தால், கண்ணுக்குத் தெரியாத படுகை எவ்வளவு நீரைக் கடத்தும், எவ்வளவு நீரைச் சேமிக்கும் என்ற இரண்டையும் அதனால் அறியலாம். இறைத்த நீர் எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். முதலில் சேமிப்பிலிருந்து வரும். பின்னர் ஆற்றுக்கோ ஊற்றுக்கோ சேர வேண்டிய பங்கிலிருந்து வரும். சும்மா வரும் நீர் என்று ஒன்று இல்லை.

பிற்காலத்தார் ஒரு நாட்டுப்புறம் முழுவதையும் மாதிரியாக அமைத்துப் பார்க்க முற்பட்டனர். 1950களிலும் 1960களிலும் மின்சாரத்தைக் கொண்டே அம்மாதிரிகள் அமைந்தன. மணலின் தடைக்குப் பதில் மின்தடைகள், நீர்ச் சேமிப்புக்குப் பதில் மின்தேக்கிகள். பின்னர்க் கணிப்பொறி வந்தது. அமெரிக்க நிலவியல் துறையைச் சேர்ந்த மெக்டானல்டு, ஹார்பா என்னும் இருவர் 1984இல் வெளியிட்ட மாட்ஃபுளோ என்னும் கணிநிரல் இன்றளவும் பல தேசங்களில் புதுப்பிக்கப்பட்டு வழங்குகிறது. அதன் உட்பொருள் கோயில் கணக்குப்பிள்ளைக்கும் விளங்கக் கூடியதே. நிலத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேரேடு திறக்கிறார்கள். மழையாலும் அடுத்த கட்டத்திலிருந்தும் வந்தது வரவு, கிணற்றாலும் அடுத்த கட்டத்துக்கும் போனது செலவு, எஞ்சியது இருப்பு. கட்டத்துக்குக் கட்டம் போகும் அளவைத் தார்சியின் விதி தீர்மானிக்கிறது. கணக்கில் வந்த மட்டமும் உண்மைக் கிணறுகளில் அளந்த மட்டமும் ஒத்துவரும்வரை மண்ணின் எண்களைத் திருத்துகிறார்கள். கிணற்றை அளந்து எழுதிவைத்தவர் இல்லாத ஊரில் எத்துணைப் பெரிய கணிப்பொறியும் கண்ணிழந்ததே.

இக்கணக்கு வெறும் கல்விப் பயிற்சி அன்று என்பதை நெய்வேலி காட்டும். 1930களில் அங்கே தம் நிலத்தில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியார், நீரோடு கரிய பொருள் வெளிவருவதைக் கண்டார். ஆனைக்கா இறைவனின் திருநாமம் கொண்ட ஒருவர்க்கே நிலத்தடி நீர் அச்செய்தியைச் சொல்லிற்றுப் போலும்! 1957இல் சுரங்கப் பணி தொடங்கியபோது, பழுப்பு நிலக்கரிக்குக் கீழே மணற்படுகையில் அடைபட்டிருந்த நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்திக்கொண்டிருந்தது. அவ்வழுத்தத்தை முன்னரே இறைத்துத் தணித்தால் அன்றிச் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்துவிடும். எத்தனைக் குழாய்க் கிணறுகள், எங்கெங்கே, எவ்வளவு இறைக்க வேண்டும் என்று கணக்கிட்டு இறைத்த பின்னரே 1961இல் நிலக்கரியை எட்டினர். அவ்வட்டாரத்தில் ஏற்றமின்றித் தாமே பொங்கி வழிந்த கிணறுகள் பின்னாளில் வழிவது நின்றதும் அதே கணக்கின் மறுபக்கமே.

கடற்கரைத் தலங்களின் செய்தி இன்னும் நுட்பமானது. இராமேசுவரம் கடல் சூழ்ந்த தீவு. ஆயினும் திருக்கோயிலுக்குள்ளேயே இருபத்திரண்டு தீர்த்தங்கள் உள்ளன. கடலாகிய அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி உப்பு நீர் வடிய வரும் அடியார்கள், சில நூறு அடி தொலைவில் வாளியால் முகந்து வார்க்கும் நீரில் நனைகிறார்கள். திருச்செந்தூரில் அலை மோதும் கரைக்கு அருகே, பெரிய கிணற்றுக்குள் சிறிய கிணறாக அமைந்த நாழிக்கிணற்றில் நன்னீர் சுரக்கிறது. இவை இறைவன் திருவருள் என்பதில் அடியார்க்கு ஐயம் இல்லை. அவ்வருள் தொழிற்படும் வழியையும் ஆய்ந்தோர் கண்டிருக்கின்றனர். மழை நீர் கடல் நீரைவிட இலேசானது. ஆதலின் மணலுக்குள் அது கடல் நீரின்மேல் மிதக்கிறது. ஒல்லாந்துப் பொறியாளர் பேடன் கைபன் 1889ஆம் ஆண்டை ஒட்டியும், ஜெர்மானியர் ஹெர்சுபெர்க் 1901இலும் தனித்தனியே ஒரே அளவைக் கண்டனர். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமானால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும்.

இதில் ஆறுதலும் உண்டு, அச்சமும் உண்டு. ஓர் அடி நீர் நாற்பது அடியைத் தாங்குகிறது என்பது ஆறுதல். இறைத்து அந்த ஓர் அடியைத் தாழ்த்தினால், நாளடைவில் கீழிருந்து உப்பு நீர் நாற்பது அடி ஏறும் என்பது அச்சம். சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் கொற்றலையாறும் பரப்பிய வளமான மணற்படுகையில் 1960களின் பிற்பகுதியில் ஆராய்ச்சி நடத்தி, மீஞ்சூர் முதலிய இடங்களில் கிணறுகள் அமைத்துத் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் நீர் இறைத்தனர். சில பத்தாண்டுகளில் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. வயற்கிணறுகள் உவர்த்தன. ஒருமுறை உப்பேறிய படுகையைக் கழுவ எத்தனை ஆண்டு ஆகும் என்பதை, நாளுக்கு ஒரு சாண் என்ற நடையைக் கொண்டு எவரும் எண்ணிக்கொள்ளலாம்.

திருக்குளங்களின் நிலைமையும் இக்கணக்கால்தான் தெளிவாகும். முற்காலத்தில் ஆற்றுப்பாங்கான ஊர்களில் குளம் என்பது நீர் ஊற்றி வைத்த பாத்திரம் அன்று. நிலத்தடி நீர் வெளியே தெரியும் சாளரம். ஊர்க்கிணறுகளின் மட்டமும் குளத்தின் மட்டமும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தன. ஆழ்துளைக் கிணறுகளும் மின்சார இறைப்பும் பெருகிய பிறகு, பல ஊர்களில் நிலத்தடி மட்டம் குளத்தின் அடித்தளத்துக்கும் கீழே வெகுதூரம் போய்விட்டது. அன்றுமுதல் குளம் ஊறுவதற்கு மாறாக வடிகிறது. விழாவுக்குக் குளத்தில் நீர் நிற்கவில்லையே என்று வருந்தும் அன்பர்கள் சிலவிடங்களில் அடித்தளத்துக்குச் சிமெண்டு பூசி, குழாய் நீரை நிரப்பினார்கள். அவர்தம் பக்தி போற்றத் தக்கது, செய்கை தக்கதன்று. ஊரெல்லாம் தளமும் தார்ச்சாலையும் பரந்துவிட்ட நாளில், மழை மண்ணுக்குள் இறங்குவதற்கு எஞ்சியிருந்த ஒரே வாயிலையும் அது அடைத்துவிடுகிறது. மேல் நின்ற வண்டலை அகற்றி, கற்படிகளைச் சுண்ணம் பூசி மூடாது விட்டு, வடியும் நீர் வடியட்டும் என்று விடுவதே முறை. கூரை நீரும் தெரு நீரும் வண்டல் தெளிந்து குளத்துக்கு வரும் வழி இருக்குமாயின், ஆண்டுதோறும் வடிந்த நீரே சுற்றுக் கிணறுகளைத் தாங்கும். 2003இல் தமிழ் நாட்டு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இதே கருத்தில்.

பழையவர்கள் குளத்தைக் காட்டிலும் குளத்துக்கு நீர் வரும் வழியில் கருத்தாயிருந்தனர். தஞ்சையில் நாயக்க மன்னர் காலத்தில் அமைந்த சேவப்ப நாயக்கன் ஏரி மழை நீரைத் தாங்கித் தெளியவைக்கும். தெளிந்த நீர் பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து நிலத்துக்குள் புதைத்த சலசூத்திரம் வழியே ஐயன் குளம் முதலியவற்றுக்குச் செல்லும். இவ்வழிகள் தூர்ந்தபோது குளங்களும் தூர்ந்தன. குளத்தை எத்தனை முறை தூர்வாரியும் பயன் விளையவில்லை.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் வெட்டுவித்தது. வைகையினின்றும் பனையூர்க் கால்வாய் வழியே நீர் பெறுவது. அவ்வழி அடைபட்டுக் கிடந்த ஆண்டுகளில் மீனாட்சியம்மையும் சுந்தரேசுவரரும் எழுந்தருளும் தைப்பூசத் தெப்பம் நீரின்றி நிலைத்தெப்பமாகவே நடந்து வந்தது. பின்னர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைக் குளத்துக்குத் திருப்பினர். தெப்பம் மீண்டும் நீரில் மிதந்தது. குளத்தைச் சூழ்ந்த தெருக்களின் கிணறுகளிலும் நீர்மட்டம் ஏறிற்று.